ஆறாவது ஆள்

முதல் மூன்று பேரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. நான்காவது பெயருக்கு ஒரு முணுமுணுப்பு எழும். ஐந்து, ஆறு என்று வரும்போதுதான் குரல் உயர்கிறது, காபி ஆறிப்போகிறது, நாற்பது வருஷ நண்பர்கள் ஒருவர் புத்தியை மற்றவர் சந்தேகிக்க ஆரம்பிக்கிறார்கள். க.நா.சு. பட்டியல் போட்டார் என்பதற்காகச் சண்டை போட்ட நமக்கு இந்த மனநிலை அந்நியமானது அல்ல.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. கோடைப் பயிற்சி முகாமில் ஒவ்வொரு அணியிலும் இன்று 90 பேர் இருக்கிறார்கள். பருவம் தொடங்குமுன் அது 53 ஆக வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைப்பார்கள். 2023-லிருந்து ஒரே நாளில் 90, 53 ஆகிவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்கு நேரம் மாலை 4 மணி. முப்பத்திரண்டு அணிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள். செய்தி சொல்ல வருகிற ஊழியருக்கு ஓய்வறை மொழியில் 'துருக்கன்' என்று பெயர். பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்பான். இரண்டாவது பாதிதான் செய்தி. இப்போது புத்தகம் இல்லை, கைக்கணினி. திருப்பிக் கொடுப்பது மட்டும் மாறவில்லை.

இந்த 53-ல் வைட் ரிசீவர்களுக்கு ஐந்து இடம், தாராளமாக இருந்தால் ஆறு. வைட் ரிசீவர் என்பவன் ஆட்டக் கோட்டின் ஓரத்தில், கும்பலைவிட்டு விலகி நிற்பவன். வரைந்துவைத்த பாதையில் ஓடித் திரும்பும்போது பந்து அங்கே வந்திருக்க வேண்டும். அல்லது வராது. பெரும்பாலும் வராது. ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை ஓடுகிறவனுக்கு ஏழெட்டு முறை பந்து வந்தால் அவன் நட்சத்திரம். மற்ற ஓட்டமெல்லாம் எதிராளி ஒருவனைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், இன்னொருவனுக்கு இடம் உண்டாக்குகிற வேலை. தொலைக்காட்சியில் இது தெரியாது. காமிரா பந்தோடு இருக்கும். ரிசீவர் கோட்டைத் தாண்டியதும் சட்டத்திலிருந்து மறைந்துவிடுவான், பந்து போய்ச் சேரும்போதுதான் திரும்ப வருவான். இருபத்திரண்டு பேரையும் ஒரே சட்டத்தில் காட்டுகிற, பயிற்சியாளர்கள் பார்க்கிற படம் சந்தா கட்டுகிற ரசிகர்களுக்குக் கிடைத்தது 2012-ல்தான். அதுவரை ரிசீவர்களைப் பற்றி நடந்த சர்ச்சை முழுவதும், அவர்கள் செய்வதில் பத்தில் ஒன்பது பங்கைப் பார்க்காதவர்கள் நடத்தியது. அதனால் அதன் தீவிரம் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

2010-ல் நான் நியூ ஜெர்ஸியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். கணினி வேலைதான். சம்பளம் கொடுத்தவர் ஒருவர், வேலை வாங்கியவர் இன்னொருவர். இரு ஸ்தாபனங்களின் பெயரும் இங்கே அவசியமில்லை. எங்கள் தளத்தில் பதினான்கு ஒப்பந்தக்காரர்கள். அந்த வருஷம் பதினான்கு ஒன்பதாகப் போகிறது என்பது ஜூலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜயன்ட்ஸ் அணியின் ஆறாவது ரிசீவரைப் பற்றிப் பேசினோம்.

மேஜையில் மூன்று பேர். நான், சோதனைப் பிரிவின் தலைவர், கீழ்வாசலில் காவலுக்கு இருந்த, அறுபதைத் தொட்ட பாட்டர்சன்காரர். அவர் சிறு வயதில் அந்த ஊரின் கடைசிச் சாயப்பட்டறைகளில் ஒன்றில் வேலை பார்த்தவர். பாட்டர்சன் என்றதும் எனக்கு வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் நெடுங்கவிதை ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு அருவியும் சாயத்தண்ணீரும்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதுதான் கவிதையின் விஷயமும் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியா என்றார், மரியாதைக்கு.

நிலைமை இது. ஸ்டீவ் ஸ்மித், ஹக்கீம் நிக்ஸ், மாரியோ மானிங்ஹாம் மூவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள். ஸ்மித் முந்தைய பருவத்தில் 107 பந்து பிடித்தவர். ராம்சஸ் பார்டன் 6 அடி 6 அங்குலம், 2009-ல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அவரை நீக்குவதென்றால் எடுத்தவர்கள் தங்கள் கணிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். அது எந்த நிர்வாகமும் சுலபத்தில் செய்யாத காரியம். டொமினிக் ஹிக்ஸன், உதைத்த பந்தைத் திருப்பி ஓடுகிறவர், ஜூனிலேயே முழங்கால் நரம்பு அறுந்து பருவத்தை இழந்திருந்தார். மிச்சமிருந்த இரண்டு இடத்துக்கு 2006-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வான சினோரிஸ் மாஸ், அனுபவஸ்தரான டெரக் ஹேகன், யாரும் தேர்ந்தெடுக்காமல் வந்து சேர்ந்த விக்டர் குரூஸ், அதேபோல் வந்த டியூக் கால்ஹூன் என்று ஒரு வரிசை.

குரூஸ் பாட்டர்சனில் பிறந்தவன். எமிலி டிக்கின்சனின் ஆம்ஹர்ஸ்ட்டில் கல்லூரி. அமெரிக்கக் கவிதையின் வரைபடத்தில் இவ்வளவு பொருத்தமாக வளர்ந்த இன்னொரு ஆட்டக்காரனை நான் அறியேன். இதைச் சொல்ல அந்த மேஜையில் ஆள் இல்லை, இங்கே சொல்லிவைக்கிறேன். அவன் படித்த கத்தோலிக்கப் பள்ளி அந்த வருஷம்தான் மூடப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று, மெடோலாண்ட்ஸில் கட்டிய புது மைதானத்தின் முதல் ஆட்டம், ஜெட்ஸ் அணியோடு, பருவத்துக்கு முந்தைய ஒத்திகை. குரூஸ் ஆறு பந்து பிடித்தான், 145 கஜம், மூன்று டச்டவுன். முதுகில் 3 என்ற எண். அன்றைய விதிப்படி ரிசீவருக்குப் பத்துகளும் எண்பதுகளும்தான். 3 என்பது தங்கப்போகிறவனுக்குக் கொடுக்கிற எண் அல்ல.

மறுநாள் மேஜையில் வாதம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் போனேன். சொந்த ஊர்க்காரன் இப்படி ஆடியிருக்கிறான், பாட்டர்சன்காரர் குதிப்பார் என்று. அவர் ஹேகன் பக்கம் நின்றார். ஹேகனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், இந்தப் பையனுக்குப் பந்து எங்கே வரும் என்று மட்டும் தெரியும் என்றார். சோதனைப் பிரிவுக்காரர் கால்ஹூன் பக்கம். ஹிக்ஸன் இல்லாத நிலையில் ஆறாவது ஆள் ரிசீவரே அல்ல என்பது அவர் கட்சி. பந்தை உதைத்தனுப்புகிற பன்ட் ஆட்டத்தில், பந்து காலைவிட்டுப் போகுமுன் ஓட அனுமதி உள்ளவர்கள் கோட்டின் இரு கோடியிலும் நிற்கும் இருவர் மட்டும். கன்னர் என்று பெயர். ஆளுக்கு இரண்டு பேர் வழிமறிக்க, அவர்களை உதறிவிட்டு நாற்பது கஜம் ஓடி ஒருவனை வீழ்த்த வேண்டும். ஐந்தாவது, ஆறாவது ரிசீவர்களை அணி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். பந்து பிடிப்பது உபரி.

இந்தக் கட்சிக்கு அதன் எல்லைவரை போன உதாரணம் மாத்யூ ஸ்லேட்டர். 2008-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை ரிசீவராகத் தேர்ந்தெடுத்தது. பதினாறு பருவங்கள் ஆடினார். பட்டியலில் கடைசிவரை ரிசீவர் என்றே பெயர். பிடித்த பந்து மொத்தம் ஒன்று: 2011-ல், 46 கஜம். பத்து முறை ப்ரோ பவுலுக்குத் தேர்வானவர், மூன்று சூப்பர் பவுல் மோதிரங்கள். வருஷா வருஷம் ரசிகர்கள் பட்டியல் போட்டு ஐந்து ரிசீவர்களை எண்ணும்போது அவரை எண்ணுவதா வேண்டாமா என்று திகைத்தார்கள். ஒரு பெயர் சுட்டும் தொழிலும் ஒருவன் செய்யும் தொழிலும் இவ்வளவு தூரம் விலகியிருக்க, அந்த விலகலிலேயே ஒரு வாழ்க்கை பூரணமாக அமைய முடியும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பிடித்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அந்த ஆகஸ்ட் முடிவில் ஒன்பது பேரில் நான் இருந்தேன். நிரல் எழுதுவதில் அந்தப் பதினான்கு பேரில் என் ஸ்தானம் ஒன்பதுக்குக் கீழேதான் என்பது எனக்கும் மேலாளருக்கும் தெரியும். ஞாயிறு இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தால் எடுப்பவன் நான். வெளியேறியவர்களில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பழைய அமைப்பை அவளைப்போல அறிந்தவர் கட்டடத்திலேயே கிடையாது. அவளுக்குச் சின்னக் குழந்தை, இரவு அழைப்பை எடுக்க முடியாது. அவள் தன் மேஜையைக் காலி செய்த அன்று மத்தியானம் நாங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து குரூஸா ஹேகனா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவளும் பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போகும்போது பாட்டர்சன்காரரிடம், கால்ஹூன்தான், வேறு யாராக இருக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்தவள் இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டே தேர்ந்திருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் பட்டியல் வந்தது. குரூஸ், கால்ஹூன் இருவரும் உள்ளே. ஹேகன் வெளியே.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், பாதியை விட்டுவிட்டு. 2011-ல் குரூஸ் 82 பந்து பிடித்தான், 1,536 கஜம், ஜயன்ட்ஸ் சரித்திரத்தில் அதுவரை யாரும் எட்டாத தொகை; 2012 பிப்ரவரியில் சூப்பர் பவுல். திறமை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்பதற்கு அத்தாட்சியாக இந்தக் கதை பள்ளிக்கூடங்கள்வரை போயிருக்கிறது. விட்டுப்போன பாதி இது: 2010-ல் அவன் மூன்று ஆட்டங்களில் தலைகாட்டினான், ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை, தொடைத் தசை காயத்தோடு பருவம் முடிந்தது. ஸ்மித் அடிபட்டதும் நவம்பரில் அணி திரும்ப அழைத்தது, நீக்கிய அதே ஹேகனை. 2011-ல் ஸ்மித் பிலடெல்பியாவுக்குப் போனபிறகும், முதல் ஆட்டம் முடிந்த கையோடு நிர்வாகம் 35 வயது பிராண்டன் ஸ்டோக்லியைக் கூட்டிவந்தது. குரூஸை நம்பியிருந்தால் அதற்கு அவசியம் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஹிக்ஸனுக்கு மறுபடியும் அதே முழங்கால். அதே ஆட்டத்தில் மானிங்ஹாமுக்குத் தலையில் அடி. ஆள் இல்லாததால் குரூஸ் இறங்கினான். மூன்றாவது ஆட்டத்தில் பிலடெல்பியாவில் இரண்டு டச்டவுன். இதில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. திறமை வெளியே தெரிய எத்தனை பேருடைய முழங்கால் செலவானது என்ற கணக்கை அந்த அத்தாட்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஹிக்ஸனும் திறமைசாலிதான்.

காசுக் கணக்கும் ஒன்று உண்டு. 2024-ல் 53-ல் இடம்பெற்ற புது ஆட்டக்காரனுக்குப் பருவத்துக்குக் குறைந்தபட்சம் 7,95,000 டாலர். 54-வது ஆள் பயிற்சிக் குழுவில் தங்கினால் வாரத்துக்கு 12,500. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு பயிற்சியாளரின் அபிப்பிராயம். சில சமயம் இன்னொரு பகுதியில் ஒரு தடுப்பாளனின் கணுக்கால். ரிசீவர்களை மட்டும் வைத்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிற ரசிகன் இதை மறந்துவிடுகிறான். ஆறாவது ரிசீவர் போட்டியிடுவது ஐந்தாவது ரிசீவரோடு அல்ல, பத்தாவது தடுப்பாளனோடு. ஒரு தொகுப்பில் கடைசிக் கவிதைக்கு இடமில்லாமல் போவது இன்னொரு கவிதையால் அல்ல, ஒரு நீண்ட கட்டுரையால்.

குரூஸ் 2014-ல் பிலடெல்பியாவில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தான். 2015 முழுக்க ஆடவில்லை. 2017 பிப்ரவரியில் ஜயன்ட்ஸ் விடுவித்தது. அந்தக் கோடையில் சிகாகோ பேர்ஸ் முகாமில் முப்பது வயதில், மறுபடியும், ஐந்தாவது ஆறாவது இடத்துக்குப் போட்டியிடுகிறவர்களில் ஒருவனாக நின்றான். ஆகஸ்ட் கடைசியில் அங்கே கேமரன் மெரடித் என்ற ரிசீவரின் முழங்கால் போயிற்று. இடம் திறந்துவிட்டது என்றுதான் தோன்றியது. செப்டம்பர் தொடக்கத்தில் பட்டியல் வந்தபோது குரூஸ் அதில் இல்லை.

பாட்டர்சன்காரர் அதற்குள் ஓய்வு பெற்று ஊரோடு இருந்தார். செய்தி வந்த சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பன்ட்டுக்கு ஓடச் சொல்லிக் கேட்டார்களாமா, அவன் முடியாது என்றானா என்று கேட்டார். அப்படி ஒன்றும் படிக்கவில்லை என்றேன். கேட்டிருப்பார்கள் என்றார்.