மூன்றாம் நீர்

தேநீர் வழங்காத வீடு நம் நாட்டில் உண்டோ? விருந்தினர் படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும் அடுப்பிலே கேத்தில் ஏறிவிடுகின்றது. மங்கல வீடாயினும் துக்க வீடாயினும் முதலில் நீட்டப்படுவது தேநீரே. எனினும், இத்தனை ஆண்டுகளாக நாம் சுவைத்து வந்தது தேயிலையைத்தானா, அன்றிப் பாலையும் சீனியையுந்தானா என்னும் ஐயம் சென்ற மார்கழி விடுமுறையில் நமக்கு உண்டாயிற்று. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியராகிய நாம், நமது பழைய மாணவரிடம் பாடம் கேட்க நேர்ந்த கதை இது.

முன்னர் சில ஆண்டுகள் மலைநாட்டுக் கல்லூரி ஒன்றில் படிப்பித்தோம். அங்கே நம்மிடம் தமிழ் பயின்ற ஒருவர் இன்று தேயிலைத் தொழிற்சாலையொன்றில் உத்தியோகத்தராக இருக்கின்றார். யாழ்ப்பாணம் பார்க்க வந்தவர் நம் இல்லத்துக்கும் வந்தார். வெறுங்கையுடன் வரவில்லை, கடதாசியிற் சுற்றிய சிறு பொதி ஒன்றை நம் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தோம். மிளகிலும் சற்றுப் பெரிய, கரும்பச்சை நிறமான உருண்டைகள் உள்ளே இருந்தன. இது தேயிலை என்றால் நம்புவது கடினம். நமக்குத் தெரிந்த தேயிலை கரிய தூளன்றோ?

"சேர், இதுக்குப் பாலும் வேணாம், சீனியும் வேணாம். ஒரு மணித்தியாலம் மட்டும் இருந்தாப் போதும்" என்றார் அவர்.

மூடியுள்ள சிறிய கோப்பையொன்றையும் அவரே கொண்டு வந்திருந்தார். சீனர் அதனைக் கைவான் என்பர். அதனுள் 5 கிராம் அளவு இலையை இட்டு, 100 மில்லிலீற்றர் அளவு கொதிநீரை ஊற்றி மூடினார். இருபது எண்ணி முடியுமுன் நீரை வடித்துச் சிறு கிண்ணங்களில் வார்த்தார். வெளிறிய பொன்னிறம். நமது வழக்கப்படி பார்த்தால், தேயிலைக்குப் பஞ்சம் வந்த வீட்டுத் தேநீர்!

வாயில் வைத்தபோது முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் இலுப்பைப்பூவை நினைவூட்டும் மெல்லிய மணம் மூக்கின் உட்புறமாக எழுந்தது. அதே இலைக்கு அவர் மறுபடியும் நீர் ஊற்றினார். இரண்டாம் நீரின் நிறம் செறிந்திருந்தது. நாவற்பழத்தின் துவர்ப்பு நாவின் ஓரங்களைப் பிடித்தது. மூன்றாம் நீரில் அத்துவர்ப்பு அடங்கியது. நெல்லிக்காயைத் தின்றபின் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிமை ஊறுமே, அவ்வினிமை விழுங்கிய பின்னர் வந்து நெடுநேரம் தங்கிற்று. நான்காவதும் ஐந்தாவதும் வரவர மெலிந்தன. ஐந்தாவதில் நொங்கு நீரின் சாயல் மட்டுமே எஞ்சியிருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். உருண்டைகள் எல்லாம் விரிந்து, காம்பும் நரம்பும் ஓரத்துப் பற்களும் தெரியும் முழு இலைகளாகக் கிடந்தன.

இதன் காரணத்தையும் கேட்டறிந்தோம். தேயிலையின் சாரங்கள் யாவும் ஒரே வேகத்தில் நீரில் இறங்குவதில்லை. மென்சுவை தரும் அமினோ அமிலங்களும் கஃபீனும் பொதுவாக விரைந்து இறங்க, துவர்ப்புத் தருவன அவற்றிலும் மெல்ல வருகின்றன. முறுக்குண்ட முழு இலை ஒவ்வொரு நீரிலும் சிறிது சிறிதாக விரிந்து, தன்னிடமுள்ளதைப் பகிர்ந்து கொடுக்கின்றது. தூளோ, நீர் பட்ட கணமே ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்துவிடுகின்றது. பால் தாங்கும் கடுஞ்சாயம் வேண்டுவோருக்கு அதுவே ஏற்றது. தேயிலையின் குணங்குற்றம் ஆராய்வோருக்கெனச் சர்வதேச நியம நிறுவனம் 1980ஆம் ஆண்டில் வகுத்த முறையிலும் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம், ஒரே ஊற்று என்பதுதான் கணக்கு. அது தேயிலையைப் பரீட்சை செய்யும் முறை. நம் மாணவர் காட்டியது தேயிலையுடன் உரையாடும் முறை எனலாம்.

இம்முறை சீனருடையது. மிங் வமிசத்து முதற் பேரரசர் ஹொங்வு, அழுத்திக் கட்டிகளாக்கிய தேயிலையைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை 1391ஆம் ஆண்டில் நிறுத்தி, உதிரி இலையாகவே அனுப்புமாறு ஆணையிட்டார். அதன் பின்னர் இலையை வெந்நீரில் ஊறவிட்டு வடித்து அருந்துவது பெருவழக்காயிற்று. பிற்காலத்தில் பூஜியன் மாகாணத்திலும் சாவோசோ பகுதியிலும் இது ஒரு கலையாகவே வளர்ந்தது. நிறைய இலை, சிறிது நீர், சொற்ப நேரம், பல முறை என்பதே அதன் இலக்கணம்.

மாணவர் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, நமது மனம் அங்கே நிற்கவில்லை. மூன்றாம் நீர் என்ற சொல்லைக் கேட்டதும் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி ஓடிவிட்டது.

அது 1992ஆம் ஆண்டு. நமக்குப் பன்னிரண்டு வயது. 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்த காலம். மண்ணெண்ணெய் துளித் துளியாக எரிய, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே பாடம் படித்தோம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டு. தேயிலைத் தூளைச் சிறு கரண்டியால் எண்ணிப் போடுவார் அம்மா. அதன் முதல் நீர் வேலைக்குப் போகும் ஐயாவுக்கு. வீட்டுக்கு வந்தவர் இருந்தால் அவருக்கும். அதே தூளுக்கு மறுபடி நீர் ஊற்றி வடிப்பது பிள்ளைகளாகிய நமக்கு. அப்புறமும் அந்த வடிதுணியைப் பிழிந்தெறிய மாட்டார் அம்மா. மூன்றாம் முறையும் நீர் ஊற்றுவார். அது யாருக்கு என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாட் பின்னேரம் பள்ளித் தோழன் ஒருவன் வந்திருந்தான். அம்மா இருவருக்கும் தேநீர் தந்தார். அவனுடைய குவளையில் நல்ல சாயம். நம்முடையதில் வெளிறிய நீர். தோழன் அதைப் பார்த்துவிட்டான் என்ற வெட்கத்திலே, "இது கழுவின தண்ணி" என்று உரக்கச் சொல்லி, முற்றத்து முருங்கையின் அடியில் ஊற்றிவிட்டோம். அம்மா ஏசவில்லை. குனிந்து குவளையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சற்றுப் பொறுத்து உள்ளே எட்டிப் பார்த்தபோது, அடுப்பங்கரையில் இருந்து ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்தபடி, நிறமே இல்லாத நீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று அதன் பொருள் நமக்கு விளங்கவில்லை. விளங்கிய பின்னரோ, அதைப்பற்றிப் பேசும் துணிவு வரவில்லை.

வறுமையின் மூன்றாம் நீரையும் ரசனையின் மூன்றாம் நீரையும் ஒன்றாக்கிப் பேசுவது பிழை என்பதை அறிவோம். சீனத்து ரசிகர் மூன்றாம் நீருக்காகக் காத்திருக்கின்றார். அம்மாவுக்கு அதைவிட வேறு எதுவும் எஞ்சவில்லை. அந்தத் தூளில் மூன்றாம் முறை இனிமை ஊறியிருக்கவும் முடியாது. ஆயினும் அத்தூளில் இல்லாதது எதுவோ அக்குசினியில் இருந்தது என்றே இன்று எண்ணுகின்றோம்.

இக்கதையை மாணவருக்குச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அம்மா முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து பறிச்சாங்க, சேர். லயத்தில நாங்க குடிச்சதெல்லாம் தூள்தான். தான் பறிக்கிற கொழுந்த முழு இலையா அவங்க குடிச்சுப் பார்த்தது போன வருசந்தான்" என்றார்.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டது முதலாகத் தமிழ்த் தொழிலாளரின் விரல்கள் தொட்டுப் பறித்த இலை உலகெங்கும் போயிற்று. பறித்தவர் வீட்டில் தங்கியதோ தூள். நம் வீட்டு மூன்றாம் நீரைப் பெருந்துன்பமாக எண்ணியிருந்த நாம், அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்தோம். "உம்முடைய அம்மா என்ன சொன்னவ?" என்று வினவினோம். "இவ்வளவு நேரம் எடுத்தா எப்பப்பா வேலைக்குப் போறதுன்னாங்க" என்று அவர் சிரித்தார். பின்னர், "ஆனா, அஞ்சு தண்ணியும் குடிச்சாங்க" என்றார்.

மறுநாட் காலை, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மாவின் முன் சிறு மேசையை இழுத்துப் போட்டு, மாணவர் காட்டிய முறைப்படி இலையை இட்டோம். இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட அவர், "இதென்ன தம்பி, மருந்தோ?" என்று கேட்டார். முதல் நீரைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைக் குடித்து, "கொஞ்சம் கயர்க்குது" என்றார். அடுத்த கிண்ணத்தை வாங்கி ஒரு மிடறு குடித்தவர், கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இது எத்தினையாந் தண்ணி, தம்பி?"

"மூண்டாவது, அம்மா."

"அப்ப இது என்ரை" என்றார் அம்மா.

முருங்கையடியில் ஊற்றிய நீர் அவருக்கு நினைவிருக்கின்றதோ இல்லையோ, நாம் கேட்கவில்லை. கேத்திலிலே இன்னும் சூடு இருந்தது. நான்காம் நீரை அவரே தம் கையால் ஊற்றி, நம் பக்கமாகத் தள்ளி வைத்தார். மிச்சம் விடாமற் குடித்தோம்.