வெயிலில் நீளும் கம்பி

வெயில் ஏறினால் கம்பி நீளும். பெல்ஜியத்தின் மெக்கெலன் நகரில், புனித ரோம்பவுட் தேவாலயக் கோபுரத்தில் ஏறி மணியிசை வாசிப்பவர், வாசிக்க உட்காரும்முன் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அவருக்கு முன்னால் மரக்கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். மூடிய கையால் அவற்றைத் தட்ட வேண்டும். கனத்த மணிகளுக்குக் காலாலும் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் மேலே தொங்கும் ஒரு மணியின் நாக்கோடு கம்பி இணைக்கிறது. காரில்லான் எனப்படும் இந்த வாத்தியத்துக்குக் குறைந்தது 23 மணிகள் வேண்டும். மெக்கெலனில் 49 இருக்கின்றன. மணி அசையாது, நாக்கு மட்டுமே அசையும். சூட்டில் கம்பி தளர்ந்தால் அடி வலுவிழக்கும். குளிரில் இறுகினால் நாக்கு மணியை ஒட்டி நின்று நாதத்தை அமுக்கிவிடும். அன்றைய வானிலைக்கு ஏற்பக் கம்பிகளைத் திருகிச் சரிசெய்த பிறகுதான் வாசிப்பே தொடங்கும். மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் மூடிய அரங்கமும், இருமல்கூடக் குற்றமாகும் நிசப்தமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வானிலையை வாசலிலேயே நிறுத்திவிடும் இசை அது. மெக்கெலனின் இசையோ வானிலையை உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறது. ஓர் ஊரின் நினைவோடு இசை ஒட்டிக்கொள்வது இப்படி அழைக்கும்போதுதான் என்று நான் நம்புகிறேன்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் யெஃப் டெனைன். கோபுரத்தில் மணி வாசித்துவந்த அவருடைய தந்தைக்குப் பார்வை போய்விட, மகன் அந்த இடத்துக்கு வந்தார். அதுவரை மணியிசை பெரும்பாலும் சந்தை நாளுக்கும் திருவிழாவுக்கும் உரியது. வண்டிச் சத்தத்துக்கும் பேரம் பேசும் சத்தத்துக்கும் நடுவே அது பின்னணியாக ஒலித்துக்கொண்டிருந்தது. டெனைன் 1892-இல் கோடைக்காலத் திங்கட்கிழமை மாலைகளைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கென்றே கச்சேரிகளைத் தொடங்கினார். அந்த நேரத் தேர்வில் நுட்பம் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஆண்டு முழுவதும் மழை பரவிப் பெய்கிறது. கோடை என்பது மேகங்களுக்கு இடையே கிடைக்கும் சலுகை. ஆனால் கிடைக்கும்போது தாராளமாகக் கிடைக்கிறது. இன்றைய கடிகாரப்படி ஜூன் கடைசியில் இரவு 10 மணி அளவில்தான் சூரியன் மறைகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். காற்று ஓய்ந்த தெளிவான மாலையிலோ தரை முதலில் குளிர்கிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவுவரை வருகிறது. 97 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து இறங்கும் இசைக்கு இதைவிட நல்ல அரங்கத்தை எந்தக் கட்டடக் கலைஞர் அமைத்துத் தர முடியும்? 1922-இல் டெனைன் அந்த ஊரிலேயே ஒரு மணியிசைப் பள்ளியையும் நிறுவினார். உலகிலேயே இத்தகைய முதல் பள்ளி அதுதான்.

மணியின் நாதத்துக்குள்ளேயே ஒரு மனநிலை இருக்கிறது. ஒரு மணியை அடித்தால் ஒரே சுரம் கேட்பதில்லை. அடிச் சுரத்தோடு கீழ்ஸ்தாயி ஒன்றும் மேல்ஸ்தாயி ஒன்றும் பஞ்சமமும் எழுகின்றன. காந்தாரமும் எழுகிறது, ஆனால் நம் கணக்கில் அது அந்தர காந்தாரம் அல்ல, சாதாரண காந்தாரம். இந்த உபசுரங்களைத் துல்லியமாகச் சேர்க்கக் கற்றவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் மணி வார்த்த ஹெமோனி சகோதரர்கள். பார்வையற்ற இசைக்கலைஞர் யாக்கோப் வான் ஐக்கின் செவி அவர்களுக்கு வழிகாட்டியது. மணியின் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் சுருதி சேர்த்தார்கள். ஆக, எவ்வளவு குதூகலமான பாட்டை வாசித்தாலும் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு சின்னக் காந்தாரம் ஏக்கத்தோடு முனகிக்கொண்டே இருக்கும். அடித்த மணியை வாசிப்பவர் நிறுத்தவும் முடியாது. அது தானாகத்தான் ஓய வேண்டும். போன சுரத்தின் மிச்சத்தின்மேல் வரும் சுரம் விழுகிறது. நினைவும் இப்படித்தான் வேலை செய்கிறது: பழையது ஓய்வதற்குள் புதியது வந்து அதன்மேல் படிகிறது.

மணியிசை ஊரின் நினைவோடு ஒட்டிக்கொள்வதற்கு வலுவான சாட்சி 1914. ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்த அந்த ஆகஸ்டில் லூவன் நகரின் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. ஏராளமான பெல்ஜியர்கள் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுக்காகக் குரல்கொடுக்க விரும்பிய ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர், பெல்ஜியக் கவிஞர் எமில் கமார்ட்ஸின் கவிதை வாசிப்புக்கு ஆர்க்கெஸ்ட்ரா இசை அமைத்தார். அந்தப் படைப்பின் பெயரே ‘காரில்லான்’. டிசம்பரில் லண்டனில் அரங்கேறிய அதில், படிப்படியாக இறங்கும் நான்கு சுரங்கள் மணியோசைபோலத் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளமோ மூன்று எண்ணிக்கை கொண்டது. நான்கும் மூன்றும் பொருந்தாமல் அழுத்தம் இடம் மாறிக்கொண்டே போகிறது. இழந்த நாட்டை நினைவூட்ட ஓர் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது கொடியை அல்ல, போர்ப்பறையை அல்ல, கோபுர மணிகளை. லூவனில் மீண்டும் எழுந்த நூலகத்தின் கோபுரத்துக்கு அமெரிக்கப் பொறியாளர்கள் 1928-இல் 48 மணிகளைப் பரிசளித்தார்கள், போரில் மாண்ட தங்கள் சக பொறியாளர்களின் நினைவாக. நினைவுச்சின்னம் என்றால் கல்லை நடுவதுதான் வழக்கம். அங்கே காற்றில் ஒலிப்பதையே நினைவுச்சின்னமாக்கினார்கள்.

இந்தத் திறந்தவெளி இசையை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். காற்று திசை மாறினால் பாதிச் சுரம் காணாமல் போகும், மழை வந்தால் கேட்பவர்கள் எழுந்து போவார்கள், இதில் செவ்வியல் இசைக்கு வேண்டிய துல்லியம் எங்கே என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். இசையமைப்பாளர் பாக்கின் ஓர் இழையையும் தவறவிடக் கூடாது என்பவருக்கு அரங்கமே சரியான இடம். ஆனால் துல்லியம் வேறு, பதிவது வேறு. அரங்கத்தில் கேட்ட இசையை எந்த நகரத்திலும் கேட்டிருக்கலாம். வெயில் சாய்ந்து, ஈரக் கல்தரையின் வாசனையோடு வந்த இசையை மெக்கெலனிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. விரும்பாதவர் காதிலும் விழுகிறதே, இது வன்முறை இல்லையா என்பது அடுத்த கேள்வி. கால் மணிக்கொரு தரம் தானியங்கி உருளை மெட்டு வாசிக்கும் ஊரில் குடியிருப்பவருக்கு அது தொல்லையாகலாம், மறுக்கவில்லை. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாதவரும், நோயுற்று ஜன்னலருகே படுத்திருப்பவரும் ஒரே கச்சேரியைக் கேட்க வேறு எந்தச் செவ்வியல் இசை வழிவிட்டிருக்கிறது? ஊர் முழுவதற்கும் பொதுவான ஒன்றில் சிலருக்குச் சிறு இடைஞ்சல் இருக்கத்தான் செய்யும். பெல்ஜியம் இந்தக் கலையைக் காத்துவரும் முறையை நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் யுனெஸ்கோ 2014-இல் சேர்த்திருப்பது, அந்தப் பொதுமைக்குக் கிடைத்த மதிப்பு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது இந்த இசைக்கு இடம் தரும் கோடைகளே மாறிவருகின்றன. 2019 ஜூலையில் பெல்ஜியத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த நாட்டின் பதிவுகளில் அதற்கு முன் அப்படி இல்லை. கோபுரத்துக் கம்பிகள் இனி இன்னும் அதிகமாக நீளும். அவற்றைத் திருகிச் சரிசெய்யும் கைகளுக்கு வேலை கூடும். கோடையில் அந்தப் பக்கம் போகும் வாய்ப்புள்ளவர்கள் ஒரு திங்கட்கிழமை மாலையை மெக்கெலனுக்கு ஒதுக்குங்கள். கோபுரத்தின் அடியில் நிற்காமல் சற்றுத் தள்ளி, மரங்கள் உள்ள அமைதியான இடமாகப் பார்த்து உட்காருங்கள். பதிவு செய்ய வேண்டாம். மழை தூறினாலும் எழுந்துவிடாதீர்கள். அதுவும் அன்றைய கச்சேரியின் பகுதிதான்.