ஆகாயத்தில் மதுவிலக்கு கிடையாது

ஏர் இந்தியாவின் பழைய மகாராஜாவைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மீசை, தலைப்பாகை, குனிந்து வரவேற்கும் பணிவு. 1946-ல் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியவர். அந்தக் காலத்து விமானங்களில் ஊற்றிக் கொடுத்த ஷாம்பெயினை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. 1971-ல் வந்த ஜம்போ ஜெட்டில் முதல் வகுப்புக்காரர்களுக்கு மாடியில் தனி லவுஞ்சே இருந்தது. ஹூம்... கொடுத்து வைத்தவர்கள்!

இவ்வளவு தாராளம் ஏன்? அப்போது சர்வதேச டிக்கெட் விலையை விமான நிறுவனங்கள் ஐயாட்டா அமைப்பில் கூடிப் பேசி முடிவு செய்தன. விலையில் போட்டி போட முடியாது. அதனால் சாப்பாட்டிலும் சரக்கிலும் போட்டி. அதுவும் முன்வரிசைக்குத்தான். அட்லாண்டிக் கடந்த எகானமி பயணிகள் காசு கொடுத்துத்தான் குடித்தார்கள். பெருமூச்சு விடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை :-)

நம்மூர்க் கதை இன்னும் வேடிக்கை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்துவிட்டது. தரையில் ஒரு பெக் வேண்டுமென்றால் பெர்மிட் வாங்க வேண்டும். ஆனால் மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் எழும்பிவிட்டால் போதும், குற்றமாக இருந்தது உபசாரமாகிவிடும்.

பிறகு 1971-ல் கலைஞர் திறந்தார், 1974-ல் அவரே மூடினார், 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-ல் டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறைக் கடைகளும் அதன் கையில். இப்போது எல்லாம் தலைகீழ். தரையில் தாராளமாகக் கிடைக்கிறது, சென்னை–டெல்லி விமானத்தில் ஒரு சொட்டு கிடையாது. 1993-ல் வந்த டமானியா ஏர்வேஸ் உள்நாட்டு விமானத்தில் பீர் கொடுத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. 2005-ல் பீர் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்த மல்லையாவாலும் உள்நாட்டில் அந்த பீரை ஊற்ற முடியவில்லை! 2012-ல் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது.

வேப்பம்பட்டு, திருநின்றவூர் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சவுதியாவும் குவைத் ஏர்வேஸும் என்றால் ஆரஞ்சு ஜூஸ்தான். மற்ற விமானங்களில் கிடைத்த குட்டி பாட்டில்களைக் காலியானபின் பத்திரமாகக் கொண்டுவந்து ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்த வீடுகள் உண்டு. இரண்டு வருடம் வெயிலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஒருவர் "சார்" என்று அழைத்து ஊற்றிக் கொடுத்தது அங்கே மட்டும்தான் இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது பாட்டில் கேட்டால் முகம் சுளிப்பதும் அந்த சீட்டுக்குத்தான். "கல்ஃப் ஃப்ளைட்டா, குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணுவார்கள்" என்று மேட்டுக்குடியினர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். முன்வரிசையில் நாலாவது கிளாஸ் போனால் அதற்குப் பெயர் ரசனை.

2022 நவம்பரில் நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பயணி வயதான பெண்மணி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. 2023 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். மது பரிமாறும் விதிகளையும் நிறுவனம் திருத்தியது. அந்தப் பயணி உட்கார்ந்திருந்தது பிசினஸ் கிளாஸில்.