அரக்கின் மேல் உட்காரும் அழகு

ஜெய்ப்பூர் ஜோஹரி பஜாரில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் மோதிரங்களைப் பார்த்தால், விரலுக்குச் செய்தார்களா, குங்குமச் சிமிழுக்கு மூடியாகச் செய்தார்களா என்று சந்தேகம் வரும். இரண்டு விரல்களை அடைத்துக்கொண்டு விரியும் பூ. நடுவில் போல்கி எனப்படும் பட்டை தீட்டாத வைரம், சுற்றிலும் மரகதம், விளிம்பில் தொங்கும் முத்து. கல்யாண மண்டபத்தில் ஒருத்தி கையைத் தூக்கி முன்முடியை ஒதுக்கினால் எதிரில் இருப்பவர் பேச்சு நின்றுபோக வேண்டும். அதற்கென்றே செய்தவை இவை. 2008-இல் ‘ஜோதா அக்பர்’ படம் வந்த பிறகு இந்தக் குந்தன் நகை மோகம் வடநாட்டு மணப்பெண்களிடம் இன்னும் கூடியது. சென்னை வரவேற்பு மேடைகளுக்கும் அது வந்துவிட்டது.

எனக்குக் கடையைவிட மாடிகள்தான் வேண்டியிருந்தன. பஜாரிலிருந்து பிரியும் கோபால்ஜி கா ராஸ்தாவில் தரகர்கள் தெருவில் நின்றபடியே காகிதப் பொட்டலங்களைப் பிரித்துக் கல் காட்டுகிறார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து, செங்குத்தான ஒரு படிக்கட்டில் ஏறினால் பட்டறை. தரையில் சம்மணமிட்டு நான்கு பேர். மூத்தவரை மற்றவர்கள் ‘உஸ்தாத்’ என்றார்கள். அவர் என்னைத் ‘தீதி’, அதாவது அக்கா, என்றார், நான் அவரைவிட இருபது வயதாவது இளையவள் என்றாலும். கல் பதிக்கும் இந்தத் தொழில்காரருக்கு இங்கே ஜடியா என்று பெயர்.

கல் பதிக்காத ஒரு மோதிரக் கூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். பெரிய பூ, ஆனால் கனமே இல்லை. மெல்லிய தங்கத் தகடு, உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் அரக்கைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். நம் ஊரில் நகைக்குள் அரக்கு இருப்பது தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். இங்கே அரக்கு இல்லாவிட்டால் வேலையே இல்லை. கூட்டை ஒரு குச்சியின் முனையில் அரக்கால் ஒட்டி, கங்கின் மேல் காட்டி இளக்குகிறார். குழிக்குள் பளபளப்பான மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்று போகிறது. அதன் மேல் கல். பட்டை தீட்டாத கல்லுக்கு ஒளியைத் திருப்பியனுப்பும் முகங்கள் குறைவு. அடியில் இருக்கும் அந்தத் தகடுதான் ஒளியைத் திருப்பித் தருகிறது. கடைக் கண்ணாடியில் நாம் வாய் பிளந்து பார்க்கும் மினுக்கில் பாதி, காகிதம் போன்ற அந்தத் துண்டுக்குச் சொந்தம்.

பிறகு வருவதுதான் குந்தன். ஏறக்குறைய இருபத்து நான்கு காரட் சுத்தம் வரும்வரை புடமிட்ட தங்கத்தைத் தட்டித் தட்டி மெல்லிய நாடாவாக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கல்லின் ஓரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே செருகி, எஃகு முனையால் அழுத்துகிறார் உஸ்தாத். நெருப்பு இல்லை, பற்றாசு இல்லை. அத்தனை சுத்தமான தங்கம் அழுத்தத்திலேயே தன்னோடு தான் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று, பிறகு விளிம்பைச் சீவி மெருகேற்றல். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் எதுவும் வெளியே தெரியாது. ஒரு கல்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு தேநீர் குடித்து முடித்திருந்தேன். சீவி விழுந்த தூள் அவர் மடியில் விரித்த துணியில் சேர்ந்தது. அறையைப் பெருக்கிய குப்பையும் வெளியே போவதில்லை. அதையும் அலசித் தங்கம் எடுக்க ஆள் உண்டு.

மோதிரத்தைத் திருப்பிக் காட்டினார். விரலில் படுகிற அடிப்பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒரு கிளி. மீனா வேலை. அதைச் செய்கிறவர் வேறு ஆள், வேறு தெரு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆமேர் அரசர் மான்சிங் லாகூரிலிருந்து இந்த எனாமல் கலைஞர்களை அழைத்துவந்ததாகச் சொல்வார்கள். பத்மஸ்ரீ விருது பெற்ற சர்தார் குத்ரத் சிங் அந்தச் சீக்கிய மீனாகாரர் மரபில் வந்தவர். தங்கத்தில் பள்ளம் செதுக்கி, பொடித்த கண்ணாடி வண்ணத்தை ஈரமாக நிரப்பிச் சூளையில் சுடுவது வேலை. அதிகச் சூடு தாங்கும் வண்ணம் முதலில், சிவப்பு கடைசியில். கொஞ்சம் சூடு மிஞ்சினாலும் சிவப்பு கெட்டுப்போகும். பள்ளத்தின் தரையில் நுண்ணிய கோடுகள் கீறியிருப்பார்கள், வண்ணத்துக்கு அடியிலிருந்து ஒளி எழும்ப. யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். “போட்டுக்கிறவங்களுக்குத் தெரியுமே” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

பெரிய மோதிரம் பிறருக்காகப் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கள்ளத்தனமாக நடந்த மது விருந்துகளுக்குப் பெண்கள் பெரிய கல் மோதிரம் அணிந்து போனதிலிருந்துதான் ‘காக்டெய்ல் மோதிரம்’ புகழ்பெற்றது என்பார்கள். எலிசபெத் டெய்லருக்கு 1968-இல் ரிச்சர்ட் பர்ட்டன் வாங்கித் தந்தது 33.19 காரட் வைரம். அவ்வளவு தூரம் போவானேன்? சிலப்பதிகாரத்தில் கடலாடப் புறப்படும் மாதவி விரல்களே மறையும்படி மோதிரம் அணிகிறாள். ஆனால் உஸ்தாதின் பெட்டியில் இருந்த ஆர்சி வேறு ரகம். கட்டைவிரலுக்கான மோதிரம், கல் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மணப்பெண் தன் முகத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவனையும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் பார்ப்பதற்கு என்று போட்ட நகையில் இப்படியும் ஒரு ரகசிய வசதி.

குந்தன் மோதிரத்தோடு கை கழுவ முடியாது. அடித்தகட்டில் ஈரம் இறங்கினால் கல் கறுத்துவிடும். அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. பாத்திரம் துலக்கவும் மாவு பிசையவும் முடியாது. இந்தக் கைக்கு இன்று வேலை இல்லை என்று அறிவிப்பதுதான் இதன் கவர்ச்சியில் பெரும்பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவமைப்பாளர்கள் துணிச்சல், தனித்துவம் என்றெல்லாம் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த அறையில் இருந்த எட்டுக் கைகளில் ஒன்றிலும் மோதிரம் இல்லை. எஃகு முனை பிடிக்கிற விரலுக்கு அது இடைஞ்சல்.

கூலி மோதிரக் கணக்கு. பெரிய பூ என்றால் அதிகக் கல், கொஞ்சம் அதிகக் கூலி. கழுத்தும் கண்ணும் போய்விடுகின்றன என்றார் நடுவயதுக்காரர். அச்சில் வார்த்து, வெள்ளிக்கு முலாம் பூசி, கண்ணாடிக் கல் ஒட்டிய மோதிரம் இதே தெருவில் நாலு கடை தள்ளிக் கிடைக்கிறது. வாடகைக்கு வாங்கிய கல்யாணப் புடவைக்கு அது போதும் என்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகைப்படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

மதுரையிலிருந்து சித்தி மகள் போனில் அழைத்தாள். “எத்தனை கிராம் நிக்கும்க்கா? திருப்பிக் கொடுத்தா என்ன தருவாங்க?” நியாயமான கேள்வி. நகை நமக்குச் சேமிப்பு. உஸ்தாதிடம் கேட்டேன். உருக்கினால் அரக்கு எரிந்துபோகும், மீனா உடைந்துபோகும், மிஞ்சுவது அந்த மெல்லிய கூடும் நாடாத் தங்கமும்தான் என்றார். செய்கூலிக்கு யாரும் திரும்பப் பணம் தர மாட்டார்கள். “எடை பார்க்கிறவங்க சங்கிலி வாங்கட்டும், தீதி.”

அவளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப போட்டோ மட்டும் அனுப்புக்கா” என்றாள்.