இன்சுலினோடு பண்டரிபுரம்

புனேயைத் தாண்டி ஹடப்ஸர் வந்ததும் பல்லக்குகள் பிரிந்துவிடுகின்றன. துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் நேரே லோணி காள்போர் பக்கம் போகிறது. ஞானேஸ்வரரின் பல்லக்கு வலப்புறம் திரும்பி, திவே காட் ஏறி, சாஸ்வட் சேருகிறது. ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் வரையிலான சுமார் 250 கி.மீ. பாதயாத்திரையில் இந்த ஒரு நாள்தான் மிக நீளம்: 30 கி.மீ.க்கு மேல், அதில் ஒரு மலையேற்றம். போதாததற்கு அது பெரும்பாலும் ஏகாதசியில் வந்து விழுகிறது. லட்சக்கணக்கான வார்கரிகள் விரதத்தோடு மலையேறுகிறார்கள்.

டைப் 1 நீரிழிவுக்காரருக்கு இது வேறு கணக்கு. கணையம் இன்சுலின் சுரப்பதில்லை, ஊசியில்தான் உயிர். விரதம் என்று ஊசியை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி ஆஸ்பத்திரியில்தான் முடியும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு நடந்தாலோ சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். நடக்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. என் டாக்டர் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லியிருந்தார். இது எனக்கான அளவு. ஆளுக்கு ஆள் மாறும். ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடவும் சொன்னார். நடக்கும் காலில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறிவிடும்.

'திண்டி' எனப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் மூட்டைமுடிச்சு சுமக்க ஒரு லாரி உண்டு. இன்சுலினை அதில் ஏற்றக்கூடாது. தார்ப்பாய்க்கு அடியில் வெந்துவிடும். லாரி வேறு வழியில் போய் மாலைதான் கண்ணில் படும். ஈரத்துணி சுற்றிய குப்பி ஒன்று என் இடுப்புப் பையில், இன்னொன்று சகயாத்ரி ஒருவரிடம். பிரித்த குப்பி, கடும் வெயில் படாவிட்டால், ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். வாரி மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. வழிநெடுக இலவசமாக ஜவ்வரிசி கிச்சடி, வேர்க்கடலை, வாழைப்பழம், பாகாய் இனிக்கும் டீ. விரதச் சாப்பாடு என்று பெயர். மாவுச்சத்தில் குறைவே இல்லை. 'சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, வலிய வந்து நீட்டப்படும் டீயை மறுக்காமல் வாங்கிக் குடிப்பது ஒரு சுகம்தான்.

பாதி மலையில் கை நடுங்கியது. ஓரத்தில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், கால்மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. கடலைமிட்டாய் இந்த வேலைக்கு ஆகாது. கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். தலையில் துளசி மாடத்தோடு வந்த கிழவி ஒருத்தி நின்றாள். வாரியில் எல்லோரும் எல்லோருக்கும் 'மாவுலி', அதாவது தாய்.

"எத்தனை வருஷமா ஊசி, மாவுலி?"

"இருபத்தாறு."

"எனக்கு இது இருபத்தொன்பதாவது வாரி. நான்தான் மூத்தவள்" என்று சிரித்துவிட்டு, இரண்டாவது சோதனையில் 98 வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பல்லக்கு எங்களைத் தாண்டிப் போயிற்று.

மலையிறங்கியதும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. காலியான தசைகள் ராத்திரி முழுக்க சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் இறங்கினால் தெரியாது. சாஸ்வட் கூடாரத்தில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தபோது 81. அந்த நேரத்துக்கு அது குறைவு. வாழைப்பழம் ஒன்று, பால் ஒரு டம்ளர். பக்கத்துக் கூடாரத்தில் பஜனை இன்னும் ஓயவில்லை.

அடுத்த கட்டமான ஜெஜுரி அதில் பாதித் தூரம்தான். டோஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். அங்கே கண்டோபா பக்தர்கள் மஞ்சள்பொடியை வாரி இறைக்கிறார்கள். கையில் பழமோ வெல்லமோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும் என்பதால் கழுவிவிட்டுத்தான் விரலைக் குத்துவது. ஜெஜுரியில் மட்டும் மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது.