மூன்றாம் கூண்டு

விலங்குக்கூடத்தில் அம்மோனியா நெடி. இந்தக் கூண்டுகளில் உமிப்படுக்கை கிடையாது. எலிகள் கம்பிவலைமேல் நிற்கின்றன. வலைக்குக் கீழே புனல். புழுக்கை ஒரு குழாயில் உருண்டு விழுகிறது, சிறுநீர் சுவரோடு வழிந்து இன்னொரு குழாய்க்குப் போகிறது. அந்தக் குழாயைச் சுற்றி ஐஸ். 24 மணி நேரச் சிறுநீர் கெடாமல் சேர வேண்டும்.

"ஏம்மா, மூணாவது கூண்டுக்காரன் மறுபடியும் பாட்டிலக் காலி பண்ணிட்டான்," என்கிறார் கூண்டு கழுவும் பெரியவர்.

"நோய் வந்த எலி அப்படித்தாண்ணே. குடிச்சதெல்லாம் வெளிய போயிடுது."

ஆராய்ச்சி மாணவி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பக்கத்துக் கூண்டில் நலமாக இருக்கும் எலியின் சிறுநீர் கொஞ்சம்தான், நல்ல மஞ்சள். இதுவோ குழாய் நிறைய, ஏறக்குறைய நிறமே இல்லாமல்.

மூன்றாம் எலியின் தீவனத்தில் அடினின் கலந்திருக்கிறது. எல்லா உயிரணுக்களிலும் உள்ள பொருள்தான். மிதமிஞ்சினால் உடல் அதை நீரில் கரையாத ஒன்றாக மாற்றுகிறது. அது சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் முற்றும் சிறுநீரக நோயை ஒரு சிற்றுயிரின் மேல் சில வாரங்களில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக நேர்மையான விடையாவது கிடைத்தாக வேண்டும் என்று நிற்கிற இடத்திலேயே அவள் மனம் அடித்துக்கொள்கிறது.

அடுத்த அறையில், இந்த எலிக்குக் கொடுத்துப் பார்க்கவிருக்கும் சிறுபீளை. தைப்பொங்கல் காப்புக்கட்டில் கூரையில் செருகும் அதே பூளைப்பூ. கல்லடைப்புக்குச் சித்த வைத்தியர்கள் கொடுத்துவருவது. நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து, எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய குடிநீர். காய்ச்சும் முன்பே மாதிரிச் செடி தாவரவியலாளர் கைக்குப் போய், பெயர் உறுதியாகி, தாளில் ஒட்டப்பட்டுவிட்டது. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை விழுங்கிய பெண்களின் சிறுநீரகம் செயலிழந்த செய்தி 1993-இல் மருத்துவ உலகை உலுக்கியது. ஒரு சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா பேரினச் செடி சேர்ந்துவிட்டிருந்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினம்தான்.

உருண்டை முனை கொண்ட வளைந்த குழாய் வழியாகக் குடிநீர் எலியின் இரைப்பைக்குள் இறங்குகிறது. கழுத்துத் தோலைப் பிடித்திருக்கும் அவளது இடக்கை விரல்கள் தேவைக்கு மேல் இறுகவே இல்லை.

இரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் குறைந்ததா என்பதோடு இவள் நிற்கப்போவதில்லை. உணவுப் புரதத்திலுள்ள டிரிப்டோஃபேனைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக்குகின்றன. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக்குகிறது. நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பழுதானால் அது இரத்தத்திலேயே தங்கி ஆல்புமினோடு ஒட்டிக்கொள்கிறது, டயாலிசிஸுக்கும் எளிதில் பிடிபடாது. ஆக, ஒரு கஷாயம் சிறுநீரகத்தைத் தொடாமலே, குடல் பாக்டீரியாக்களை மாற்றி இந்த நஞ்சைக் குறைக்கவும் கூடும். இரத்தத் துளியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவது இப்படிப்பட்ட தடங்களைத் தேடித்தான்.

அவளுடைய அட்டவணையில் அடுத்த பத்தி பொட்டாசியம். செடியைக் கொதிக்கவைத்தால் பொட்டாசியம் நீரில் இறங்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத்துடிப்பே தடுமாறும். மூலிகையை மதிப்பது என்றால் இந்தப் பத்தியையும் நிரப்புவதுதான்.

கைப்பேசி அடிக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்கிறாள். ஊரிலிருந்து மாமா, டயாலிசிஸ் செய்துகொள்பவர்.

"சிறுபீளத் தண்ணி குடிக்கலாமா பாப்பா? நீ அதத்தானே படிக்கிற. நம்ம தோட்டத்துச் செடிதான்."

"இப்ப குடிக்காதீங்க மாமா. கடைசியா எடுத்த பொட்டாசியம் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க. குடிக்கணும்னு இருக்கிறத டாக்டர்கிட்டயும் சொல்லுங்க."

"டாக்டரு திட்டுவாரு."

"திட்டட்டும் மாமா. சொல்லுங்க."