பாடம் தரையிலிருந்து தொடங்கட்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்து புதுப் புத்தகம் கைக்கு வந்ததும், நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் புவியியல் பகுதியில் முதலில் படிப்பது எதை? 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த தமிழக அரசுப் பாடநூல்களைப் புரட்டினால் ஒரு வரிசை தெரிகிறது. ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம் பேரண்டமும் சூரியக் குடும்பமும். ஏழாம் வகுப்புக்குப் புவியின் உள்ளமைப்பு. எட்டாம் வகுப்புக்குத்தான் பாறையும் மண்ணும். முதலாண்டில் எட்ட முடியாத தொலைவு, அடுத்த ஆண்டில் எட்ட முடியாத ஆழம், மூன்றாம் ஆண்டில்தான் காலடி மண். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவது புத்தகம் எழுதுகிறவருக்கு ஒழுங்கான வரிசை. பதினொரு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளும் வரிசை அதுவல்ல என்பதே என் வாதம். எந்த வகுப்பானாலும், முதல் பாடம் எதுவானாலும், ஆண்டின் முதல் இரண்டு வாரம் பள்ளி வளாகத்தில் கண்ணால் பார்த்து அளக்கக்கூடியவற்றுக்குப் போக வேண்டும். புத்தகத்தை அதன் பிறகு திறக்கலாம்.

இதற்கு முதல் காரணம் புவி அறிவியலின் இயல்பிலேயே இருக்கிறது. பூமியின் கருவை யாரும் பார்த்ததில்லை. மனிதன் இதுவரை தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதன் ஆழம் 12,262 மீட்டர். பூமியின் மையம் இருப்பதோ ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் கீழே. ஐந்நூறில் ஒரு பங்கு கூடப் போகவில்லை. ஆனாலும் மேலோடு, கவசம், கரு என்று நிச்சயமாகச் சொல்கிறோம். இந்த நிச்சயம் வந்த வழி நம் நாட்டோடு தொடர்புள்ளது. 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். தொலைதூரத்துக் கருவிகள் பதிந்த கோடுகளிலிருந்து அதிர்வலைகளின் வகைகளை அவர் பிரித்தறிந்தார். அலைகள் பூமியைக் கடந்துவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, உள்ளே வேறு தன்மையுள்ள ஒரு கரு இருந்தாக வேண்டும் என்று 1906இல் காட்டினார். அந்தக் கருவுக்குள்ளும் இன்னொரு கரு உண்டு என்பதை 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டுபிடித்தார். கண்டதை அளந்து காணாததை ஊகிப்பதுதான் இந்தத் துறையின் தொழில். அதைச் சொல்லிக்கொடுக்காமல், அவித்த முட்டையை அறுத்துக் காட்டி ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று ஒப்பிட்டு முடித்துவிட்டால் பிள்ளைக்கு வடிவம் கிடைக்கிறது, சான்று கிடைப்பதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கப் பழகாத பிள்ளைக்கு அறிவியலும் கேள்விப்பட்ட செய்திகளில் ஒன்றாகிவிடுகிறது.

சரி, பள்ளி வளாகத்தில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் வெயில் இருக்கிறது. திறந்தவெளியில் ஒரு மீட்டர் கம்பை நிமிர்த்தி நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் கவனித்தால் போதும். சென்னையில் ஜூன் மாதம் அது சுமார் 12 மணி 10 நிமிடத்துக்கு நிகழும். மேற்கே இருப்பதால் கோவையில் இன்னும் கால் மணி நேரம் தள்ளும். கடிகாரம் காட்டும் பன்னிரண்டும் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் ஒன்றல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து நிழல் விழும் திசையைப் பார்க்க வேண்டும். ஜூனில் சென்னையின் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளத்துக்கு. ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு நாள் நிழலே இல்லாமல் போகிறது. அதன் பிறகு வடக்கே விழத் தொடங்கி, டிசம்பர் 22 வாக்கில் 74 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. நாகர்கோவிலில் அந்த நிழலற்ற நாள் ஆகஸ்ட் இறுதியில் வரும். டெல்லிப் பிள்ளைகளுக்கு அப்படியொரு நாள் வருவதே இல்லை, ஏனென்றால் டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்று பெரியவர்களே பேச்சுவாக்கில் சொல்கிறோம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அது ஆண்டுக்கு இரண்டு நாள்தான் உண்மை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்ற வாக்கியத்தைப் பத்து முறை எழுதவைப்பதைவிட, ஜூனில் தெற்கே போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் டிசம்பரில் வடக்கே போட்ட கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது மேல். ஆனால் டிசம்பரில் ஒப்பிட வேண்டுமென்றால் ஜூனிலேயே கோடு போட்டிருக்க வேண்டும். பள்ளி திறந்தவுடன் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கல். நகரப் பள்ளியில் பாறைக்கு எங்கே போவது என்ற கேள்வி உடனே எழும். எங்கும் போக வேண்டாம், கட்டடத்தையே பார்க்கலாம். அலமாரித் தட்டிலோ திண்ணையிலோ இருக்கும் கடப்பாக் கல் பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், அதாவது படிவுப்பாறை. தலைமையாசிரியர் அறையிலோ பக்கத்துக் கோயிலிலோ இருக்கும் சலவைக்கல் உருமாறிய பாறை. இவற்றின் உடைந்த துண்டுகளில் அறிவியல் ஆசிரியரிடமிருந்து வாங்கிய நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். கிரானைட் துண்டில் விட்டால் ஒன்றும் நடக்காது. சென்னையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள் சார்னோகைட் என்ற பாறையால் ஆனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை ஆராய்ந்து பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறமும், புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பசை போன்ற மினுமினுப்பும் கொண்ட இந்தக் கல், கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஜல்லியாகக் குவிந்து கிடக்கிறது. இது உருவானது 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஆழத்தில். இதிலுள்ள கனிமங்கள் அந்த அளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும்தான் இப்படிச் சேர முடியும் என்பதை வைத்து ஆழத்தைச் சொல்கிறார்கள். அதாவது, கோலாவில் எட்ட முடியாத ஆழத்தில் பிறந்த பாறை, தன் மேல் இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகு, நம் வாசலில் ஜல்லியாகக் கிடக்கிறது. புவியின் உள்ளமைப்புப் பாடத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான துண்டு எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

கிராமத்துப் பள்ளிகளுக்குக் கிணறும் போரும் இருக்கின்றன. வெட்டுக்கிணற்றின் சுவரில் மேல்மண், அதன் கீழே சரளை, அதன் கீழே சிதைந்த பாறை, பிறகு கெட்டிப்பாறை என்று அடுக்குகள் வரிசையாகத் தெரியும். ஊரில் போர் போடும் நாளில் முதலில் செம்மண்ணும் பிறகு சாம்பல் நிறக் கல்மாவும் வெளிவருவதை எல்லாரும் பார்க்கிறார்கள். எத்தனை அடியில் நிறம் மாறியது, எத்தனை அடியில் ஈரம் கண்டது என்பது நிலத்துக்காரருக்கு மனப்பாடம். எட்டாம் வகுப்பின் மண் பாடம் முழுவதும் அந்த ஒரு நாளில் அடங்கியிருக்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமே கல்லாகிக் கிடக்கிறது. அந்த மாவட்டங்களின் ஆசிரியருக்குக் கடல் அங்கே இருந்தது என்று நம்பவைக்கும் வேலை இல்லை, காட்டும் வேலைதான்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது, குழந்தைகளின் ஆர்வம் பற்றியது. கோள்கள், விண்மீன்கள், எரிமலைகள் என்றால் பிள்ளைகளின் கண் விரிகிறது. மண்ணையும் ஜல்லியையும் காட்டினால் கொட்டாவி விடுவார்கள், ஆகவே தொலைவிலிருந்து தொடங்குவதே சரி என்பார்கள். ஆர்வம் உண்மைதான், அதை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் நிலவுக்குப் போகும் வழியும் நம் ஊர்களின் வழியாகவே போகிறது. சந்திரயான்-2க்காக நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அதை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத் தயாரித்தது. நிலவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் அந்த வகைப் பாறையே. உள்ளூர்ப் பாறையை அறிந்தவர்கள் இருந்ததால் அது முடிந்தது. பக்கத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்க்கக் கற்றவருக்குத் தொலைவும் விளங்கும். தலைகீழாகக் கற்றவருக்கு வியாழனின் நிலவுகள் எத்தனை என்று தெரியும், தன் ஊர்க் கிணற்று நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

தொலைதூரப் பாடமும் உயிர் காக்கும் என்று இன்னொரு மறுப்பைச் சொல்லலாம், அதற்கு நல்ல சான்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு சுனாமி வருகிறது என்று பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் வகுப்பில் சுனாமி பாடம் நடந்திருந்தது. சுனாமி அவள் ஊரில் வரும் விஷயமே அல்ல. ஆனால் அந்தப் பாடத்தில் அவளுக்குப் பயன்பட்டது வரையறையா, அடையாளமா என்று பார்க்க வேண்டும். சுனாமி என்பது ஜப்பானியச் சொல் என்பதோ அலையின் வேகம் என்ன என்பதோ அன்று உதவவில்லை. வரும் முன் கடல் எப்படி இருக்கும் என்பதுதான் உதவியது. ஊரைவிட, பார்க்கக் கற்றுக்கொடுத்த முறையே அங்கே வேலை செய்தது. அதே நாளில் தமிழகக் கரையில் ஏறக்குறைய 8,000 பேரை இழந்த நமக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

பாடத்திட்டம் முடியாது, தேர்வு வருகிறது, நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் மறுப்பு. இது நியாயமானது, ஏனென்றால் பாடம் முடியவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் ஜூனின் முதல் இரண்டு வாரம் எப்படிப் போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சேர்க்கை நடக்கும், விலையில்லாப் புத்தகங்களும் சீருடையும் வழங்கப்படும், கால அட்டவணை நாளுக்கு நாள் மாறும். அந்த நாட்களுக்குப் பொருந்தக்கூடியது வெளியே நடக்கும் சிறு வேலைதான். நிழலை அளக்கப் பத்து நிமிடம் போதும். பயிற்சி பற்றிய கவலையும் உண்டு. நம் பள்ளிகளில் புவி அறிவியல் சமூக அறிவியலின் ஒரு பகுதி. அதை நடத்துகிறவர் வரலாறு படித்தவராகவும் இருக்கலாம். அவரிடம் பாறையின் பெயரெல்லாம் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் நுரைக்கிறதா இல்லையா, தெற்கா வடக்கா, எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கப் புவியியல் பட்டம் வேண்டாம். எழுத்துச் சான்றை நிறுத்துப் பார்க்கப் பழகிய வரலாற்று ஆசிரியர் கல்லின் சான்றையும் நன்றாகவே கையாளுவார்.

வெயிலைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. கடும் வெப்பத்தால் 2023இல் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறப்பே ஜூன் 12க்குத் தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 10. பிள்ளைகளை நடுப்பகலில் மணிக்கணக்கில் வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த வெப்பமே ஒரு பாடம். பருவமழை ஜூனில் தொடங்குகிறது என்று புத்தகம் சொல்லும்போது சென்னைப் பிள்ளையின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. அதே வாரத்தில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் குளிர்ந்த காற்று வருகிறது, மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் மழை கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்வதும், நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருவதும் இந்த முரணிலிருந்தே விளங்கிவிடும். மேல்பகுதியை வெட்டிய ஒரு தண்ணீர் பாட்டிலை ஜூனிலேயே மாடியில் வைத்து அளந்து குறிக்கத் தொடங்கினால், தீபாவளிக்குள் பிள்ளைகளிடம் புத்தகம் தராத ஒரு அட்டவணை இருக்கும். அது அவர்கள் ஊரின் அட்டவணை.

ஆகவே ஆசிரியர்களிடம் கேட்பது சிறியதே: ஒரு கம்பு, மூன்று கல், ஒரு பாட்டில், ஒரு நோட்டு, இரண்டு வாரம். பெற்றோர்கள் இதை விளையாட்டு என்று நினைத்து, பாடம் எப்போது தொடங்கும் என்று கேட்காமல் இருந்தால் அதுவே பேருதவி. கல்வித் துறையிடம் கேட்பது இரண்டு. ஆசிரியர் கையேட்டில் அந்த இரண்டு வாரத்தை வெளிப்படையாக ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தேர்வுத்தாளிலும் புத்தகத்தில் விடை இல்லாத, தன் பள்ளியில் பார்த்ததை எழுதினால் மட்டுமே மதிப்பெண் பெறக்கூடிய ஒரு கேள்வி இடம்பெற வேண்டும். தேர்வில் கேட்கப்படுவதைத்தான் நம் பள்ளிகள் நடத்துகின்றன. அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால், மற்றவை தாமாகவே பின்னால் வரும்.